சிவப்புக் குல்லாய்ச் சிறுமி சிரிக்கத் தொடங்கிய கதை



சிவப்புக் குல்லாய் அணிந்த சிறுமி ஒருத்தி, நோயுற்றுக் கிடக்கும் பாட்டிக்குத் தின்பண்டம் எடுத்துக்கொண்டு காட்டு வழியே தனியாகச் சென்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்டிராவிட்டாலும், ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் உங்கள் வீட்டுக் கடைக்குட்டி கேட்டிருப்பாள். 'லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்' என்று பெயரைச் சொன்னாலே போதும். பாட்டியின் படுக்கையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்த ஓநாயின் காதையும் கண்ணையும் பல்லையும் பற்றி அச்சிறுமி கேட்ட கேள்விகளை வரிசை பிசகாமல் ஒப்பித்துவிடுவாள். குல்லாய் என்றதும் நம் ஆடவர் தொழுகைக்கு அணியும் தொப்பியை நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலப் பெயரில் வருவது தலையையும் தோளையும் சேர்த்து மூடுகின்ற முக்காடு. ஆகவே நம் வீட்டுச் சிறுமியருக்கு அவள் முற்றிலும் அந்நியமானவள் அல்லள்.

இக்கதையை வேடிக்கையாக மாற்றி எழுதிய நூல்கள் மேலைநாடுகளில் பல உண்டு. அவற்றைக் கேட்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். பெற்றோர் சிலரோ முகம் சுளிக்கின்றனர். அறிமுகமில்லாதவனின் இனிய பேச்சை நம்பாதே என்று பிள்ளைகளை எச்சரிக்கின்ற கதை அல்லவா அது? அதனைக் கேலிக்கூத்தாக்கினால் அச்சம் போய்விடும். அச்சம் போனால் எச்சரிக்கையும் கூடவே போய்விடுமே என்பது அவர்களுடைய கவலை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இக்காலத்தில் அவ்வாறு கவலைப்படுவது இயல்பே. ஆனால் அச்சுறுத்தும் கதைதான் மூலம், சிரிப்பூட்டும் கதை பின்வந்தோர் செய்த திரிபு என்று நாம் எண்ணுகிறோமே, அது எவ்வளவு தூரம் சரி? இக்கதை நடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம், வாருங்கள்.

அரண்மனைப் பெரியவர் சொன்ன கதை

இக்கதை முதன்முதலாக அச்சேறியது 1697இல், பிரான்சு நாட்டில். எழுதியவர் சார்ல் பெரோ. அவர் பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் அரசுப் பணி புரிந்தவர். பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினர். அவருடைய கதையில் சிறுமி எடுத்துச் செல்வது அப்பமும் ஒரு சிறு கலயத்தில் வெண்ணெயும். வழியில் ஓநாய் எதிர்ப்படுகிறது. எங்கே போகிறாய் என்று கேட்கிறது. அவள் பாட்டி வீட்டு விலாசத்தை அடையாளத்தோடு சொல்லிவிடுகிறாள். அது குறுக்கு வழியில் ஓடுகிறது. அவள் சுற்று வழியில் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டும், வண்ணத்துப் பூச்சிகளைத் துரத்திக்கொண்டும், பூக்களைக் கொய்துகொண்டும் சாவகாசமாகப் போகிறாள். ஓநாய் பாட்டியை விழுங்குகிறது. பிறகு வந்து சேர்ந்த பேத்தியையும் விழுங்குகிறது. கதை முற்றிற்று!

ஆம், அவ்வளவுதான். வேடன் வரவில்லை. வயிற்றைக் கிழிக்கவில்லை. பாட்டியும் பேத்தியும் மீளவில்லை. இரண்டு பேரை உண்டு தீர்த்த ஓநாய்க்கு ஒரு தலைவலி வந்ததாகக்கூடப் பெரோ எழுதவில்லை. கதையின் முடிவில் அவர் நீதி ஒன்றைச் செய்யுளாகச் சேர்த்தார். அழகிய இளம்பெண்கள் கண்டவர் பேச்சுக்கும் செவி கொடுக்கலாகாது. ஓநாய்களுள் மென்மையாகப் பேசிப் பின்தொடர்ந்து வீடு வரைக்கும் வருபவையே மிகக் கொடியவை என்பது அதன் கருத்து.

கருத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பைக் கவனியுங்கள். கொன்றவன் மீது வழக்கில்லை. காட்டில் ஓநாய் உலவுகிறது என்ற ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லாமல் பச்சைப் பிள்ளையை அனுப்பிய தாயின் மீதும் வழக்கில்லை. குற்றம் முழுவதும் பேசியவள் தலையில் வந்து விழுகிறது. இத்தகைய கதையை மட்டுமே கேட்டு வளரும் குழந்தை எதனைக் கற்றுக்கொள்ளும்? ஓநாயை இனங்காண்பதையா? அன்று. ஓநாயிடம் பேசியது என் தவறு என்று எண்ணுவதைத்தான் கற்றுக்கொள்ளும். அவ்வாறு எண்ணும் குழந்தை, நாளை மெய்யாகவே ஒரு தீயவன் இனிக்க இனிக்கப் பேசித் தொல்லை கொடுத்தால், அதனை உம்மாவிடம் வந்து சொல்லுமா? சொல்லாது. சொன்னால் தனக்கே ஏச்சு விழும் என்று அஞ்சி வாயை மூடிக்கொள்ளும். ஓநாய்களுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

பெரோவுக்கு 115 ஆண்டுகளுக்குப் பின், 1812இல், ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தங்கள் முதல் கதைத் தொகுப்பில் இதனை வெளியிட்டனர். வேடன் வந்ததும், கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றைப் பிளந்து இருவரையும் உயிரோடு மீட்டதும், வயிற்றுக்குள் கற்களை இட்டு அதனைக் கொன்றதும் இவர்களது பதிப்பில்தான். வழியை விட்டு விலகாதே என்று தாய் புத்தி சொல்வதும் இதில் உண்டு. ஆனால் சிறுமியின் கூடையில் பெரோ வைத்த வெண்ணெய்க் கலயத்தை எடுத்துவிட்டு, இவர்கள் திராட்சை மதுப் புட்டியை வைத்துவிட்டனர்! நோயாளிப் பாட்டிக்குத் தெம்பு தருமாம். இந்த மதுவுக்கு நாம் மட்டுமே முகம் சுளிப்போம் என்று எண்ணாதீர்கள். 1990இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கல்வர் சிட்டி என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம், படத்தில் கூடையிலிருந்து மதுப் புட்டி எட்டிப் பார்க்கிறது என்பதற்காகவே இக்கதைப் புத்தகம் ஒன்றைப் பிள்ளைகளின் வாசிப்புப் பட்டியலிலிருந்து விலக்கியது. பாட்டியை ஓநாய் விழுங்கியதைப் பற்றி அவர்களுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

கிரிம் பதிப்பின் வாலில் இன்னொரு குட்டிக் கதை உண்டு. குழந்தைப் புத்தகங்கள் பெரும்பாலும் இதனை விட்டுவிடுகின்றன. எனக்கோ இதுவே பிடித்தமானது. மற்றொரு நாள் வேறோர் ஓநாய் அவளை வழிமறிக்கிறது. இம்முறை அவள் நிற்கவே இல்லை. நேரே பாட்டி வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்கிறாள். இருவரும் கதவைத் தாழிட்டுக்கொள்கின்றனர். ஓநாய் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாலையில் அவள் வெளியே வரட்டும் என்று கூரை மேல் ஏறிக் காத்திருக்கிறது. பாட்டியோ முன்தினம் இறைச்சிப் பண்டம் வேகவைத்த நீரைப் பேத்தியை விட்டு வாளி வாளியாகக் கொண்டுவரச் செய்து, வாசலில் இருந்த பெரிய கல் தொட்டியில் நிரப்புகிறாள். மணம் மேலே எழுகிறது. ஓநாய் கழுத்தை நீட்டுகிறது, இன்னும் நீட்டுகிறது. கால் சறுக்கித் தொட்டிக்குள் விழுந்து மூழ்கிப் போகிறது. வேடனும் வேண்டியிருக்கவில்லை, துப்பாக்கியும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளை ஓடிவந்து சொன்னது, பாட்டி நம்பினாள், அவ்வளவே.

பிரெஞ்சுக் கிராமத்துப் பாட்டிகள் சொன்ன கதை

இனித்தான் வேடிக்கை இருக்கிறது. பெரோ இக்கதையைக் கற்பனையாகப் படைத்துவிடவில்லை. நாட்டுப்புற மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்த கதையை அவர் அரண்மனைக்கு ஏற்றவாறு உடுத்திவிட்டார் என்பதே அறிஞர் பலருடைய கருத்து. மத்திய பிரான்சின் நியேவ்ர் பகுதியில் 1885ஆம் ஆண்டளவில் அத்தகைய வாய்மொழிக் கதை ஒன்றை ஒருவர் எழுதி வைத்தார். பால் தெலாரு என்னும் நாட்டுப்புறவியல் அறிஞர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை உலகறியச் செய்தார். எழுதப்பட்ட காலம் பெரோவுக்குப் பிந்தியதாயினும், அதில் சிவப்புக் குல்லாயே கிடையாது. அச்சுப் புத்தகத்தைப் படித்தவர் சொல்லியிருந்தால் அந்தக் குல்லாயை மறந்திருப்பாரா?

அந்தக் கிராமத்துக் கதையில் சில பகுதிகள் அருவருப்பானவை. பிள்ளைகளிடம் சொல்லத் தக்கவை அல்ல. ஆனால் முடிவைக் கேளுங்கள். படுக்கையில் கிடப்பது பாட்டியன்று என்று சிறுமி உணர்ந்துகொள்கிறாள். அலறவில்லை. "பாட்டி, எனக்கு அவசரமாக வெளிக்குப் போகவேண்டும்" என்கிறாள். இங்கேயே இருந்துவிடு என்று ஓநாய் சொல்லிப் பார்க்கிறது. அவளோ விடவில்லை. வேறு வழியின்றி அவள் காலில் ஒரு கம்பளிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு அனுப்புகிறது. அவள் முற்றத்துக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து அங்கிருந்த மரத்தில் கட்டிவிட்டு எடுக்கிறாள் ஓட்டம்! உள்ளே ஓநாய் பொறுமையிழந்து, இன்னுமா முடியவில்லை என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பதிலில்லை. கடைசியில் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் துரத்துகிறது; அது வந்து சேரும்போது சிறுமி தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிடுகிறாள்.

மரத்தைக் காவல் காத்துக்கொண்டு ஓர் ஓநாய் கட்டிலில் கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். குளிர்கால இரவில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து இதனைக் கேட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகள் எவ்வாறு சிரித்திருப்பார்கள்! அச்சமும் அக்கதையில் இருந்தது. அதோடு தப்பும் வழியும் இருந்தது. கற்றறிந்த பெரியவர் ஒருவர் கையில் சிக்கிய பிறகுதான் சிறுமி அசடானாள், ஓநாய் வென்றது, சிரிப்பு நின்றது.

கைத்துப்பாக்கி எடுத்த சிறுமியர்

இப்பொழுது நம் காலத்து வேடிக்கைக் கதைகளுக்கு வருவோம். ஜேம்ஸ் தர்பர் என்னும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் 1939இல் 'நியூயார்க்கர்' இதழில் இதனை ஒரு பக்கத்துக்கும் குறைவாகத் திருப்பி எழுதினார். அவருடைய சிறுமி கட்டிலுக்கு 25 அடி தூரத்தில் வரும்போதே அது பாட்டியன்று என்று கண்டுகொள்கிறாள். பாட்டியின் இரவுத் தொப்பியை மாட்டிக்கொண்டால் ஓநாய் பாட்டியாகிவிடுமா என்ன? சினிமாவின் தொடக்கத்தில் கர்ஜிக்கும் சிங்கத்துக்கும் அந்நாட்டு ஜனாதிபதியாயிருந்த கூலிஜுக்கும் எவ்வளவு ஒற்றுமையோ அவ்வளவுதான் இதிலும் என்கிறார் தர்பர். கூடைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள். தற்காலச் சிறுமியரை ஏய்ப்பது முன்போல் எளிதன்று என்று ஒரு நீதியையும் ஒட்டிவிட்டார். பெரோவின் நீதிச் செய்யுளுக்கு 242 ஆண்டுகள் கழித்து வந்த மறுமொழி!

ரோல்ட் டால் 1982இல் வெளியிட்ட வேடிக்கைப் பாடல் நூலில் ஆறு பழங்கதைகள் தலைகீழாகின்றன. ஓவியம் குவென்டின் பிளேக். அதிலும் ஓநாய் பாட்டியை விழுங்கிவிட்டுப் பேத்திக்காகக் காத்திருக்கிறது. அவள் வந்து காதைப் பற்றிக் கேட்கிறாள். கண்ணைப் பற்றிக் கேட்கிறாள். அடுத்தது பல் என்று நாம் காத்திருக்க, அவளோ, உன் ரோமச் சட்டை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று வியக்கிறாள். ஓநாய்க்குக் கோபம் வந்துவிடுகிறது. பல்லைப் பற்றியல்லவா கேட்க வேண்டும், மறந்துவிட்டாயே என்று அவளைத் திருத்துகிறது! நூறு தடவை ஒத்திகை பார்த்த நாடகத்தில் எதிரே நிற்பவர் வசனத்தை மாற்றிவிட்டால் நடிகருக்கு வரும் கோபம் அது. சிறுமி கண் சிமிட்டும் நேரத்தில், உடுப்புக்குள் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுக்கிறாள். சில நாட்கள் கழித்து அதே காட்டில் அவளைக் கண்டால், சிவப்புக் குல்லாயும் இல்லை, முக்காடும் இல்லை. ஓநாய்த்தோல் மேலங்கி ஒன்றைப் போர்த்திக்கொண்டு மிடுக்காக வருகிறாள்.

அதே நூலில் மூன்று பன்றிக் குட்டிகளின் கதையும் உண்டு. கடைசிப் பன்றி, செங்கல் வீட்டுக்கு வெளியே ஓநாய் உறுமுவதைக் கண்டு, இவளுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி உதவி கேட்கிறது. இவளும் வந்து ஓநாயைச் சுடுகிறாள். இப்பொழுது இவளிடம் இரண்டு ஓநாய்த்தோல் அங்கிகள். கூடவே பன்றித்தோல் பயணப் பெட்டி ஒன்று! உதவிக்கு அழைத்த பன்றியின் கதி அதுவாயிற்று. அப்பிராணியை எவ்வடிவிலும் விரும்பாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த முடிவு கூடுதலான சிரிப்பைத் தரலாம்.

டாலின் வேகத்தையும் குறும்பையும் நான் இரசிக்கிறேன். ஆயினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவர் எவரும் ஓநாயை வெல்லலாம். அதற்கு அறிவு தேவையில்லை. பிரெஞ்சுக் கிராமத்துச் சிறுமியிடம் இருந்தது ஒரு கயிறு. அதுவும் ஓநாய் கட்டிவிட்ட கயிறு. இரண்டில் எதனை என் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது என்று கேட்டால் கயிற்றைத்தான் சொல்வேன். தர்பரும் டாலும் பழங்கதையைக் கவிழ்த்துவிட்டனர் என்று உலகம் பாராட்டுகிறது. உள்ளபடியே அவர்கள் செய்தது, சிறுமியிடமிருந்து பெரோ பறித்த அறிவை அவளிடமே திருப்பிக் கொடுத்ததுதான்.

பொய்யும் கதையும்

நம் வாசகருள் மார்க்கப் பற்றுள்ள பெற்றோர் சிலருக்கு வேறோர் ஐயமும் எழக்கூடும். பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுவோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்களே, ஓநாய் பேசியது என்று சொல்வது பொய்யல்லவா என்பர். பொய் என்பது கேட்பவரை மெய்யென்று நம்பவைத்து ஏமாற்றுவது. ஓநாய் மனிதரோடு பேசாது என்பது கதை சொல்பவருக்கும் தெரியும், கேட்கும் பிள்ளைக்கும் தெரியும். இங்கே ஏமாந்தவர் யார்? 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபா 'கலீலா வ திம்னா'வை அரபியில் ஆக்கினார். நரிகளும் காளையும் சிங்கமும் வாதாடும் அந்நூல், பாரத நாட்டுப் பஞ்சதந்திரத்திலிருந்து பாரசீகத்தின் பஹ்லவி மொழி வழியாக வந்தது. அன்று தொட்டு முஸ்லிம் உலகம் அதனைப் பேணி வந்திருக்கிறது. மௌலானா ரூமி (ரஹ்) அவர்களும் தம் மஸ்னவியின் முதற் பாகத்திலேயே, சின்னஞ்சிறு முயல் ஒன்று சிங்கத்தைக் கிணற்று நீரில் அதன் நிழலையே காட்டி வீழ்த்திய கதையை எடுத்தாண்டார்கள். அம்முயல் நம் கயிற்றுச் சிறுமிக்கு உடன்பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் நகைச்சுவையும் உண்மையை விட்டு விலகாதது. ஏறிச்செல்ல ஓர் ஒட்டகம் வேண்டுமென்று வந்த ஒருவரிடம், பெண் ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகம்தான் ஒட்டகத்தின் குட்டியன்று என்று கேட்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ள செய்தி இது. அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றி அவரிடமே எதுகை நயத்தோடு விசாரித்ததையும் புகாரீயில் காணலாம். பிள்ளைகளுக்குச் சொற்களின் விளையாட்டு எவ்வளவு பிடிக்கும் என்பதை அறிந்த நெஞ்சம் அது.

வாப்பாவின் தொலைபேசியில்

வேடிக்கைக் கதைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய கதையை வரிசையாக அறிந்த பிள்ளைதான் புதியதைக் கேட்டுச் சிரிக்கும். பல்லைப் பற்றிய கேள்வி வரவேண்டிய இடம் அதுவென்று தெரியாத குழந்தைக்கு டாலின் ஓநாய் கோபித்துக்கொண்டதில் என்ன சுவை இருக்கும்? ஆதலால் முதலில் பழைய கதை, அதுவும் பலமுறை. மிகச் சிறிய பிள்ளைகள் ஒரு சொல் மாறினாலும் பொறுக்கமாட்டார்கள், அவர்களைச் சோதிக்க வேண்டாம். அக்கதை மனத்தில் ஊறி, அதனிடம் அவர்களுக்கு அச்சம் மிச்சமில்லை என்று தெரியும்போது, தவறாகச் சொல்லத் தொடங்கலாம்.

தவறாகச் சொல்வதில் தலைசிறந்தவர் இத்தாலியின் ஜான்னி ரோதாரி. 1970இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1962இல் வெளியான அவருடைய 'தொலைபேசிக் கதைகள்' நூலில் ஒரு தாத்தா, பேத்திக்கு இதே கதையைச் சொல்கிறார். மஞ்சள் குல்லாய்ச் சிறுமி என்று ஆரம்பிக்கிறார். சிவப்பு என்று பேத்தி திருத்துகிறாள். சரியென்று ஒத்துக்கொண்டு அடுத்த வரியிலேயே பச்சை என்கிறார். அப்பத்துக்குப் பதிலாக உருளைக்கிழங்குத் தோலைக் கொடுத்தனுப்புகிறார். காட்டில் ஒட்டகச்சிவிங்கியைச் சந்திக்க வைக்கிறார். ஓநாய் வந்ததும், ஆறெட்டு எவ்வளவு என்று அதைக் கேட்க வைக்கிறார்! பேத்தி ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே போகிறாள். கடைசியில், தாத்தா, உங்களுக்குக் கதை சொல்லவே தெரியவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டு, சூயிங்கம் வாங்கக் காசு மட்டும் வாங்கிக்கொள்கிறாள். தாத்தா நிம்மதியாகப் பத்திரிகை படிக்கத் திரும்புகிறார். முழுக் கதையையும் சொன்னது யார் என்று பாருங்கள், பேத்திதான். எந்த இடத்தில் ஓநாய் வந்தது, என்ன கேட்டது என்பதை அவள் இனி மறப்பாளா?

அந்நூலுக்குத் தொலைபேசிக் கதைகள் என்று பெயர் வந்த காரணம் நம் சமுதாயத்துக்கு மிக நெருக்கமானது. வாரேசே என்னும் ஊரைச் சேர்ந்த பியாங்கி என்பவர் மருந்து விற்பனைக்காக வாரத்தில் ஆறு நாள் ஊர் ஊராகச் சுற்றுபவர். கதை கேட்காமல் தூங்காத மகள் அவருக்கு உண்டு. எங்கே இருந்தாலும் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி ஒரு கதை சொல்வார். கட்டணம் அவர் பையிலிருந்து போவதால் கதைகள் சிறியவையாகவே இருக்கும். அவ்வாறு சொன்ன கதைகளின் தொகுப்பே தம் நூல் என்று ரோதாரி கற்பனையாக ஒரு முன்னுரை எழுதினார்.

துபாயிலும் தம்மாமிலும் ஜித்தாவிலும் பிழைக்கச் சென்ற நம் வாப்பாமார் எத்தனை ஆயிரம்! முன்பெல்லாம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பேசினார்கள். இன்று முகம் பார்த்துச் செலவின்றியே பேச முடிகிறது. ஆனால் பேச்சு என்னவோ, "சாப்பிட்டாயா? ஓதினாயா? உம்மா சொல்வதைக் கேட்கிறாயா?" என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துபோய், பிள்ளை கைப்பேசியை உம்மாவிடம் நீட்டிவிடுகிறது. பாலைவனத்து அறையிலிருந்து ஒரு வாப்பா, "பச்சை முக்காடு போட்ட ஒரு பிள்ளை இருந்தாளாம்" என்று தொடங்கிப் பார்க்கட்டும். அந்தப் பக்கமிருந்து, "இல்லை வாப்பா, சிவப்பு!" என்ற குரல் உடனே வரும். அப்புறம் கைப்பேசி உம்மாவின் கைக்குப் போக நெடுநேரம் ஆகும். கூடையில் மதுப் புட்டிக்குப் பதிலாக நன்னாரி சர்பத்தை வைத்தால் ஓநாய் ஒன்றும் ஆட்சேபிக்காது.

ரோதாரியின் அந்த முன்னுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. பியாங்கி வாரேசேக்கு அழைக்கும் நேரம் வந்தால், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பெண்கள் மற்ற அழைப்புகளையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு அவருடைய கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம்.